கட்டிலை விட்டு எழுந்தவர்கள்

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வாரம் முழுக்க எனக்குக் கால் நிலத்தில் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் கதையைச் சொல்லியாயிற்று. மனைவி இரண்டு தரம் பொறுமையாகக் கேட்டாள். மூன்றாம் தரம் தொடங்கியதும் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவிட்டாள். இனி நீங்கள்தான் மிச்சம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மன்னாரில் பிறந்து, அகதியாக லண்டன் வந்து, பெற்றோல் செட்டில் நின்று, முதியோர் இல்லமொன்றில் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு படித்துத் தாதியானவன் நான். இருப்பது மோர்டனில். வேலை தென் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில், முதியோர் வார்டில். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது "உங்கட அவர் எங்க வேலை?" என்று கேட்டால், என் மனைவி "ஆஸ்பத்திரியில" என்று சொல்லி நிறுத்திவிடுவாள். டொக்டர் என்று நினைக்கிறவர்கள் நினைத்துவிட்டுப் போகட்டும் என்பது அவள் எண்ணம். நான் சும்மா இருக்கமாட்டேன். "வயசு போன ஆக்களைக் குளிப்பாட்டுற வேலை" என்று பக்கத்தில் நின்று போட்டு உடைப்பேன். வீடு வரும்வரை காரில் ஒரு சொல் இருக்காது.

இந்த ஆண்டு எங்கள் வார்டு இருக்கும் பழைய கட்டடத்துக்கு ஆண்டு நிறைவு விழா. நடைவழியில் ஒரு பலகை வைத்து, இங்கே முதியவர்களை அந்தக் காலத்தில் எப்படிப் பராமரித்தார்கள் என்று எழுதவேண்டும் என்றார் வார்டு மனேஜர். எழுதுவது யார் என்று கேட்டபோது எல்லோரும் திடீரென்று சுறுசுறுப்பாக வேறு வேலை பார்க்கத் தொடங்கினார்கள். வாய் நீளமானவன் நான் அகப்பட்டேன்.

2

கவுன்சிலின் ஆவணக் காப்பகத்துக்குள் பேனை கொண்டுபோக விடமாட்டார்கள். பென்சில் மட்டும்தான். ஐம்பத்து நாலு வயதில் பென்சிலோடு ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மகள் அனிற்றா. அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஸ்ட்ரெதமில் கூடப் படிக்கிற நாலு பிள்ளைகளோடு வீடொன்றில் இருக்கிறாள். போன் அடித்தால் எடுக்கமாட்டாள், பிறகு "பிஸி அப்பா" என்று ஒரு செய்தி வரும். நானும் அவளும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் கதைத்து எத்தனையோ மாதமாகிவிட்டது. ஆனால் பழைய ஆஸ்பத்திரிப் புத்தகங்கள் பார்க்கப் போகிறேன் என்றதும், தானாகவே வந்தாள்.

நாங்கள் தினமும் ஏறி இறங்கும் இந்தக் கட்டடம் ஒரு காலத்தில் வேர்க்ஹவுஸ் ஒன்றின் நோயாளர் பகுதியாக இருந்ததாம். வேர்க்ஹவுஸ் என்பது வறியவர்கள் வேறு வழியில்லாமல் போய்ச் சேருகிற இடம். உடம்பில் பலமுள்ளவர்களுக்கு வேலை கொடுப்பார்கள். பலமில்லாத வயோதிபர்களுக்கு ஒரு மூலையும் கஞ்சியும். அங்கே நோயில் கிடந்த முதியவர்களைப் பார்த்தவர்கள் யார் தெரியுமா? படித்த தாதிகள் அல்ல. அதே இடத்தில் அடைபட்டிருந்த, கொஞ்சம் நடமாடக்கூடிய வேறு ஏழைப் பெண்கள். அவர்களிலும் பலர் வயதானவர்கள். சம்பளம் இல்லை. கொஞ்சம் கூடுதல் தேயிலையோ பியரோ கிடைக்கும். மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாதவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள்.

"சுத்தப் பைத்தியக்காரத்தனம், அப்பா," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் அனிற்றா, புத்தகத்தில் இருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு பயிற்சி பெற்ற தாதிகள் வந்தார்கள். ஜன்னல் திறந்தது, விரிப்பு வெள்ளையானது, பேன் போனது. பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களோடு ஒழுங்கு என்கிற வியாதியும் வந்தது. கட்டில் சில்லுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். தலையணை உறையின் வாய் கதவுப் பக்கம் பார்க்கக் கூடாது. விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. விரிப்பில் சுருக்கம் விழாமல் இருக்க என்ன வழி? உள்ளே கிடக்கிற ஆள் அசையாமல் இருப்பதுதான் வழி. அப்படியே வருடக் கணக்கில் கிடந்தார்கள். முழங்கால் மடங்கி, நாரியிலும் முதுகிலும் புண் வைத்து, எழும்ப மறந்து போனார்கள். நோய் அவர்களைக் கிடத்தியது கொஞ்சம்தான். மிச்சத்தைச் செய்தது கட்டில்.

இரண்டாம் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னால், லண்டனின் மேற்குப் பக்கத்தில் ஒரு பெண் மருத்துவர் இப்படியொரு வார்டைப் பொறுப்பெடுத்தார். ஒவ்வொருவராகச் சோதித்தார். இனிச் சரிவராது என்று ஒதுக்கிவைத்தவர்களைக் கட்டிலில் இருந்து இறக்கினார், நடக்கப் பழக்கினார். எத்தனையோ பேர் எழும்பி வீட்டுக்குப் போனார்கள்! இதை வாசித்தபோது நான் "பார்த்தியா!" என்று கத்திவிட்டேன். காப்பகத்துப் பெண் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

எங்கள் வார்டில் முன்பு வேலை செய்து ஓய்வுபெற்ற சிஸ்டர் மவிஸை முதல்நாளே போனில் பிடித்திருந்தேன். சின்ன வயதில் கரீபியன் தீவொன்றிலிருந்து இங்கே தாதிப் பயிற்சிக்கு வந்தவர். படுக்கைப் புண்ணுக்கு அந்த நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். முட்டை வெள்ளைக்கருவைப் பூசி, ஒட்சிசன் குழாயால் ஊதிக் காயவைப்போம் என்று சொல்லி, அவரே விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பது, பவுடர் போடுவது, எல்லாம் செய்தார்களாம். மிச்சம் காப்பகத்துப் புத்தகத்தில் இருந்தது: பிறகு தாதிகளே உட்கார்ந்து ஆய்வு செய்து பார்த்தார்கள். பூசுவது என்ன என்பது பெரிய விஷயமில்லை, ஆளை நேரத்துக்கு நேரம் திருப்புவதும் எழுப்புவதும்தான் முக்கியம் என்று கண்டார்கள். பேராசிரியர்மார் அல்ல, ஏப்ரன் கட்டிய தாதிகள்! என் தொழிலைப் பற்றி எனக்கு அன்று வந்த பெருமையை இதற்கு முன் நான் அறிந்ததில்லை.

நான் துள்ளிக்கொண்டிருக்க, அனிற்றா பென்சிலை வைத்துவிட்டு ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டாள். "அப்பா, அப்பம்மாவும் இப்படித்தானே இருந்தா?"

என் அம்மா மன்னாரில் வழுக்கி விழுந்தபோது எலும்பு ஒன்றும் முறியவில்லை. தங்கச்சி போன் எடுத்து என்ன செய்ய என்று கேட்டாள். லண்டனில் படித்த தாதி, முதியோர் வார்டில் வேலை செய்கிறவன், நான் என்ன சொன்னேன்? "அம்மாவை எழும்ப விடாத. எல்லாத்தையும் கட்டிலுக்குக் கொண்டு வந்து குடு." என் வார்டில் வெள்ளைக்காரக் கிழவர்களை இரண்டாம் நாளே எழுப்பி இருத்துகிற நான், என் அம்மாவுக்கு மட்டும் அப்படிச் சொன்னேன். அம்மா கஷ்டப்படட்டும் என்று விட மனம் வரவில்லை. அவர் பிறகு நடக்கவில்லை. இரண்டு வருடம் கிடந்து போய்ச் சேர்ந்தார். எல்லோரும் ராணி மாதிரி வைத்துப் பார்த்தீர்கள் என்றார்கள், நானும் அதை நம்பினேன். காப்பகத்தில் அந்த மேசையில்தான் நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது. "ஓம் பிள்ளை, இப்படித்தான்," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

3

அதே நாட்களில் எங்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் புவனம் அன்ரி இருந்தார். ஊர் யாழ்ப்பாணம். எண்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. கணவர் போனபிறகு ஸ்ட்ரெதமில் கவுன்சில் பிளாட் ஒன்றில் தனியே இருப்பவர். பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்து எங்களிடம் வந்தார். இரண்டு கைகளாலும் பிடித்து நடக்கும் பிரேமோடு மெல்ல நடக்கத் தொடங்கியிருந்தார்.

"எனக்கு என்ர வீடு காணும் தம்பி," என்பார் ஒவ்வொரு காலையும். "என்ர கதவு, என்ர திறப்பு, என்ர குசினி. வேற ஒண்டும் வேண்டாம்."

மகன் கேதீஸ் சட்டனில் கடை வைத்திருக்கிறான். தங்கமான பிள்ளை. அதுதான் பிரச்சினையும். கடையை மூடிவிட்டு ஓடி வருவான். வந்ததும் தாயைக் கட்டிலில் சாய்த்து, போர்த்தி, சோற்றைக் குழைத்து வாயில் வைப்பான். தாய்க்கு இரண்டு கையும் நல்ல சுகம். நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"அவ எங்களுக்காகப் பட்ட பாடு போதும் அண்ணை," என்றான். "இனி ஒண்டும் செய்யக்கூடாது."

நான் தங்கச்சிக்குச் சொன்ன அதே வசனம், வேறு வாயில்.

4

இங்கே முதியவர் ஒருவரை வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு சோதனை உண்டு. வார்டின் கோடியில் ஒரு சின்னக் குசினி இருக்கிறது. கெட்டில், கோப்பை, பிரிட்ஜ், எல்லாம் உண்டு. வீட்டு வேலைகளை ஆள் தனியே செய்வாரா என்று பார்க்கும் தெரப்பிஸ்ட் அங்கே கூட்டிப்போய், உங்களுக்கு ஒரு கோப்பை தேநீர் போடுங்கள் என்பார். பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் தண்ணீர் பிடிப்பது, பாரம் தூக்குவது, எதற்குப் பிறகு எது என்று ஞாபகம் வைப்பது, நெருப்பில் கவனம், எல்லாம் அந்த ஒரு கோப்பைக்குள் வந்துவிடும்.

நான் லீவில் நின்ற நாளில் புவனம் அன்ரிக்குச் சோதனை வைத்திருந்தார்கள். திரும்பி வந்து குறிப்பைப் பார்த்தேன். எங்கள் தெரப்பிஸ்ட் கிளேர் எழுதியிருந்தாள்: தேநீர் தயாரிக்கத் தொடங்கவில்லை. மூன்று முறை கேட்டும் வேண்டாம் என்றார். கெட்டிலைத் தொடவில்லை. இறுதியில் மகன் தயாரித்துக் கொடுத்தார். ஞாபகக் குறைபாடு இருக்கலாம். தனியே வாழ்வது பாதுகாப்பில்லை. முதியோர் இல்லம் பற்றி வியாழக்கிழமை குடும்பத்தோடு பேசவேண்டும்.

நான் நேரே ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனேன்.

"அன்ரி, ஏன் தேத்தண்ணி போடேல்ல?"

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த வெள்ளைப் பிள்ளை பக்கத்தில நிக்குது. பாத்துக்கொண்டு நிக்க, நான் எனக்கு மட்டும் ஊத்திக் குடிக்கிறதோ? ஆரும் கேட்டா என்ன நினைப்பினம்? நான் வேண்டாம் எண்டன். திரும்பவும் கேட்டுது, திரும்பவும் வேண்டாம் எண்டன். பிறகு இவன் ஓடிப்போய்ப் போட்டான். பெடியன் போட்டது தண்ணி மாதிரி."

நான் கட்டிலின் காலடியில் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தவர் பார்த்திருக்கத் தனக்கு மட்டும் தேநீர் ஊற்றிக் குடிக்கிற ஒரு யாழ்ப்பாணத்து மனுசியை நீங்கள் கண்டதுண்டா? இந்த மனுசி தன் மரியாதையால் சோதனையில் தோற்று, முதியோர் இல்லத்துக்குப் போகவிருந்தார்.

கிளேரிடம் ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். நல்ல பெண் அவள். முதலில் சிரித்தாள், பிறகு முகம் மாறியது. "என் படிவத்தில் இதற்கு ஒரு பெட்டி இல்லையே," என்றாள். நாளைக்கே திரும்ப வைப்போம் என்றாள். ஆனால் கண்டிப்பாக ஒன்று சொன்னாள்: நீ வாயைத் திறந்தாலோ, கையை நீட்டினாலோ, அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். உண்மையிலேயே முடியாவிட்டால், முடியாது என்றுதான் எழுதுவேன்.

நான் அவளுக்கும் ஒரு நிபந்தனை போட்டேன். தேநீர் வேண்டுமா என்று கேட்டால், முதல் தரம் வேண்டாம் என்று சொல்லவேண்டும். ஏன் என்று கேட்டாள். அது அப்படித்தான் என்றேன்.

5

புதன்கிழமை காலை பத்து மணி. கேதீஸை வெளியே நடைவழியில் இருத்திவிட்டு நானும் கிளேரும் குசினிக்குள் போய் நின்றோம். புவனம் அன்ரி பிரேமைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அன்ரி, இது உங்கட வீட்டுக் குசினி. நாங்கள் ரெண்டு பேரும் உங்களைப் பாக்க வந்திருக்கிறம்," என்றேன். அதோடு என் வாய்க்குப் பூட்டு.

அவர் முதலில் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு அவருடைய முகமே மாறிவிட்டது.

"வாங்கோ, வாங்கோ. ஏன் நிக்கிறியள், கதிரையில இருங்கோ." கிளேரைப் பார்த்து ஆங்கிலத்தில் "சிற், சிற்" என்றார். "தேத்தண்ணி குடிப்பியள்தானே? டீ?"

"நோ, தாங்க் யூ," என்றாள் கிளேர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்புவிக்கிற முகத்தோடு.

"அதெப்பிடி? முதல் முதல் வந்திட்டு வெறும் வாயோட போறதே?"

கெட்டிலை எடுத்தார். நிறையத் தண்ணீர் பிடிக்கவில்லை. பாதியில் நிறுத்தி, கையில் பாரம் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினார். கிளேரின் பேனை அசைந்தது. அடுத்து பாலை எடுத்து மணந்து பார்த்தார். தேயிலைப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, இதெல்லாம் ஒரு தேயிலையா என்று தனக்குள் முணுமுணுத்தார். மூன்று அலுமாரி திறந்தார்.

"சீனியை எங்க ஒளிச்சு வச்சிருக்கிறியள்?"

எனக்குத் தெரியும். சொல்லவில்லை! பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நாலாவது அலுமாரி உயரத்தில் இருந்தது. ஒரு கையைப் பிரேமில் இருந்து எடுத்து எட்டினார். அந்த நேரத்தில் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். கிளேர் என்னைப் பார்க்காமலே என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். புவனம் அன்ரி குசினி மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்று இரண்டு மூச்சு விட்டார். காலைத் திருப்பி வைத்தார். திரும்ப எட்டி, சீனிப் போத்தலை எடுத்தார். என் வாழ்க்கையில் அந்தச் சில வினாடிகள் போல நீளமானது வேறில்லை.

தேநீர் ஊற்றிய கோப்பைகளை நாங்கள் இருந்த மேசைக்குக் கொண்டுவருவதுதான் கடைசிச் சிக்கல். பிரேமுக்கு இரண்டு கை வேண்டும். அறையின் மூலையில் சில்லு வைத்த தட்டு மேசை ஒன்று வேண்டுமென்றே விடப்பட்டிருந்தது. அதை அவர் கண்டார். யோசித்தார். மூன்று கோப்பையையும் அதில் வைத்தார். ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பி, கெட்டில் சுவிட்சைச் சுவரிலும் அணைத்தார். தட்டு மேசையைப் பிரேம் போலப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வந்தார். முதல் கோப்பை கிளேருக்கு, இரண்டாவது எனக்கு. நாங்கள் ஒரு வாய் குடித்த பிறகுதான் தன்னுடையதை எடுத்தார்.

கிளேர் வீட்டில் சீனி போடாதவள். கோப்பையில் மூன்று கரண்டி இருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு குனிந்து நெடுநேரம் எழுதினாள். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஒரு பெட்டியும் இல்லாத இடத்தில், ஓரத்தில், கையால் எழுதியிருந்தாள்: மூன்று பேருக்குத் தேநீர் தயாரித்துப் பரிமாறினார், உதவியின்றி.

6

வியாழக்கிழமைக் கூட்டத்தில் கேதீஸ் லேசில் விடவில்லை.

"ஹோமில விட்டா ஒரு கதை சொல்லுவினம், தனிய விட்டா இன்னொரு கதை சொல்லுவினம். அது கிடக்கட்டும் அண்ணை. திரும்ப விழுந்தா?"

"விழலாம்," என்றேன். விழமாட்டார் என்று பொய் சொல்ல எனக்கு ஏலாது. அவனை வெளியே கூட்டிப்போய் என் அம்மாவின் கதையைச் சொன்னேன். வேர்க்ஹவுஸ் முதல் முட்டை வெள்ளைக்கரு வரை எல்லாம் சொன்னேன் என்றே நினைக்கிறேன், வாய் ஓயவில்லை. இத்தனை காலமாகத் தாதிகள் பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கற்றது ஒன்றுதான் தம்பி, அன்பான கை எங்கே நிற்கவேண்டும் என்பது, என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்தான். "அப்ப நான் என்ன செய்யவேணும்?"

"கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு பக்கத்தில நில்லுங்கோ."

படிவங்கள் போயின, வந்தன, காணாமல் போயின, திரும்ப வந்தன. காலையில் வந்து உதவ ஒரு கேரர், கழுத்தில் மாட்டும் அவசர மணி, பாத்ரூமில் கைபிடி, அலுமாரிச் சாமானெல்லாம் எட்டுகிற உயரத்தில். கடைசியில், இந்தத் திங்கட்கிழமை புவனம் அன்ரி வீட்டுக்குப் போனார். காலையிலேயே தானே சேலை உடுத்து, மேலே கம்பளிச் சட்டை போட்டு, சப்பாத்தும் மாட்டிக்கொண்டு இருந்தார். ஒரு சப்பாத்தின் வார் கழன்றிருந்தது. கேதீஸ் குனியப் போனான், நின்றான், கையைப் பின்னால் கட்டினான். அவர் தானே குனிந்து பூட்ட எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா? வார்டே வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது.

பிறகு பிரேமோடு லிப்ட் வரை நடந்தார். சக்கர நாற்காலி பின்னால் சும்மா வந்தது. வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கே இருந்து கிளம்பினாலும் "போட்டு வாறன்" என்றுதான் நாங்கள் சொல்லுவோம். "போறன்" என்று சொன்னால் வீட்டில் ஏச்சு விழும். ஆஸ்பத்திரியில் மட்டும்தான், திரும்பி வருவேன் என்று பொருள்படும் அந்த "போட்டு வாறன்" சொல்லக் கூடாது.

"போறன் தம்பி," என்றார் அவர், சத்தமாக. "இனி வரமாட்டன்."

"வராதேங்கோ அன்ரி!" என்று நானும் கத்தினேன். "வந்திடாதேங்கோ!" லிப்டின் கதவு மூடிய பிறகும் சொல்லிக்கொண்டே நின்றேன்.